புது காருக்கு சிந்தெடிக் ஆயில் எப்போது மாற்றலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது கார் எடுத்தவர்கள் முதல் சர்வீஸ் நெருங்கும்போது என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும்படி பதில் எழுதியிருக்கிறேன். வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை கிலோமீட்டரில் சிந்தெடிக்குக்கு மாற வேண்டும்?

கிலோமீட்டர் கணக்குக்கு முன்னால், இப்போது உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஆயிலில் மூன்று வகை: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல், மூலக்கூறுகளை மாற்றி அமைத்தோ கோத்தோ செய்யும் சிந்தெடிக், இரண்டும் கலந்த செமி சிந்தெடிக். இன்று வருகிற பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே சிந்தெடிக் ஆயிலோடுதான் வெளியே வருகின்றன. உங்கள் காரும் அப்படியானால் மாறுவது என்ற பேச்சே இல்லை. கையேடு சொல்லும் நேரத்தில் அதே ரகத்தை மறுபடி ஊற்றினால் போதும்.

உள்ளே இருப்பது மினரல் ஆயிலோ செமி சிந்தெடிக்கோ என்றால், ஆயில் மாற்றும்படி கையேடு சொல்லும் முதல் சர்வீஸிலேயே சிந்தெடிக் ஊற்றிவிடலாம். சில கார்களுக்கு முதல் சர்வீஸ் வெறும் சோதனைதான், ஆயில் தொடமாட்டார்கள். அப்போது ஆயில் மாற்றும் சர்வீஸ் வரும்வரை பொறுங்கள். 'முதல் மூன்று சர்வீஸ் மினரல், அடுத்த இரண்டு செமி, அப்புறம்தான் முழு சிந்தெடிக்' என்று படிப்படியாக ஏறச் சொல்பவர்கள் உண்டு. எஞ்சினுக்கு அப்படி ஒரு படிக்கட்டு தேவையே இல்லை.

உள்ளே என்ன ஆயில் இருக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரோடு வந்த கையேட்டில், கடைசிப் பக்கங்களை ஒட்டி ஒரு அட்டவணை இருக்கும். எஞ்சின் ஆயில் எத்தனை லிட்டர், என்ன கிரேடு (அதாவது எவ்வளவு கெட்டி), எந்தத் தரக்குறியீடு (அதாவது எந்தத் தர அளவுகோலில் தேறியது) என்று அதில் போட்டிருப்பார்கள். பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே கிரேடு பொறித்திருக்கும். அங்கே 0டபிள்யூ-20 (0W-20) அல்லது 0டபிள்யூ-16 என்று இருந்தால் கவலையை விடுங்கள். 0டபிள்யூவில் தொடங்கும் ஆயிலை வெறும் மினரல் ஆயிலைக் கொண்டு செய்வது நடைமுறையில் ஆகாத காரியம். 5டபிள்யூ-30 என்றால் மூன்று வகையும் இருக்கலாம், சர்வீஸ் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிந்தெடிக் வழுக்கல் அதிகம், அதனால் பிஸ்டன் ரிங் செட் ஆகாது என்று மெக்கானிக் சொல்கிறாரே?

இந்தப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிற கேள்வி இதுதான். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் தொழில் கற்ற காலத்து எஞ்சினை மனதில் வைத்துச் சொல்கிறார்.

பிஸ்டன், சிலிண்டர் என்ற குழாய்க்குள் மேலும் கீழும் ஓடுவது. ரிங் அதைச் சுற்றிப் போட்ட வளையம். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். டார்ச் அடித்துப் பார்த்தால் அதில் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய கீறல்கள் தெரியும். வேண்டுமென்றே போடுகிற கீறல்கள் அவை. ஹோனிங் என்பார்கள். அந்தக் கீறல்களின் பள்ளத்தில்தான் ஆயில் தங்கும். ஒவ்வொரு கீறலுக்கும் பள்ளம் ஒன்று, மேடு ஒன்று. புது எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ரிங் அந்த மேடுகளை லேசாகத் தேய்த்து, தன் வடிவத்துக்குச் சுவரையும் சுவரின் வடிவத்துக்குத் தன்னையும் ஒத்துப்போக வைத்துக்கொள்கிறது. இதைத்தான் 'செட் ஆவது' என்கிறோம்.

முன்பெல்லாம் அந்த மேடுகள் கரடுமுரடாக விடப்பட்டன. ரிங்கும் தடிமன். தேய்ந்து பொருந்த நிறைய தூரம் ஓட வேண்டியிருந்தது, அதனால் உராய்வைக் கொஞ்சம் விட்டுவைக்கிற ஆயில் நல்லது என்ற எண்ணம் வந்தது. இப்போதைய தொழிற்சாலைகளில் ஹோனிங்கின் கடைசிக் கட்டத்தில் மேடுகளின் நுனியை மட்டும் சீவிவிடுகிறார்கள், பள்ளம் அப்படியே இருக்கும். நாம் ஓட்டித் தேய்க்க வேண்டியதில் பெரும்பகுதியை இயந்திரமே முடித்துவிடுகிறது. மீதி, எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அமுக்குவதால் நடக்கிறது. அந்த அழுத்தத்தைத் தடுக்கும் அளவுக்கு சிந்தெடிக்கிடம் தனி வழுக்கல் ஒன்றும் கிடையாது. சூடான எஞ்சினில் ஆயில் படலம் எவ்வளவு கெட்டி என்பதை அதன் கிரேடும் அதில் சேர்த்த ரசாயனங்களும் தீர்மானிக்கின்றன. டப்பாவில் சிந்தெடிக் என்று போட்டிருப்பதால் அது மாறிவிடாது.

நடைமுறைச் சான்றும் இருக்கிறது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவ்ரலே கார்வெட் 1992 மாடலிலிருந்தே தொழிற்சாலையில் மொபில் 1 சிந்தெடிக் நிரப்பி விற்பனைக்கு வந்தது. ரிங் செட் ஆகாமல் போயிருந்தால் இத்தனை ஆண்டு அந்த வழக்கம் தொடர்ந்திருக்காது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்திருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய எஞ்சினைப் பிரித்து, போர் செய்து (சிலிண்டரை உள்ளே குடைந்து), புது ரிங் போட்டுக் கட்டியிருந்தால், கட்டியவர் சொல்லும் ஆயிலையே முதலில் ஊற்றுங்கள். அவர் எப்படி ஹோன் செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

புது எஞ்சினில் இரும்புத் துகள் வருமே, 500 அல்லது 1,000 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துவிட்டால் நல்லதுதானே?

துகள் வருவது உண்மை. முதல் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்கு மட்டும் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாத மினுமினுப்பு ஓடும். ரிங்கும் பேரிங்கும் பழகும்போது உதிர்ந்த உலோகம் அது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் சிலிக்கான் அளவும் கூடுதலாகக் காட்டும். தூசி புகுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எஞ்சினைப் பூட்டும்போது தடவிய சீலன்ட் பசையிலிருந்து அது கரைந்து வருகிறது. பெரிய துகள்களை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மிகச் சிறியவை ஆயிலோடு சுற்றும், முதல் மாற்றத்தோடு வெளியேறிவிடும்.

ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே பதில் இல்லை. ஹோண்டா தன் புது எஞ்சின்களில் தொடக்க ஓட்டத்துக்கென்றே சேர்மானம் கலந்த ஆயிலை நிரப்புகிறது, அதைச் சீக்கிரம் வடிக்காதீர்கள் என்றும் சொல்கிறது. அங்கே முந்திக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம். மறுபுறம் பிஎம்டபிள்யூவின் எம் ரகக் கார்களுக்கு ஏறக்குறைய 2,000 கி.மீ.யில் ஆயில் மாற்றம் கட்டாயம். இரண்டு நிறுவனங்களும் தங்கள் எஞ்சினைத் தெரிந்துதான் சொல்கின்றன. கையேடு இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, உங்களுக்கோ மனம் ஒப்பவில்லை என்றால், ஒருமுறை முன்கூட்டியே மாற்றுவதால் எஞ்சினுக்குக் கெடுதல் வராது. கிரேடும் தரக்குறியீடும் சரியாக இருக்க வேண்டும், ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அப்படியானால் தொடக்கத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

ஓட்டுகிற விதம். முதல் 1,000 கி.மீ. வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்காதீர்கள், பாரம் இழுக்காதீர்கள். மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போவதையும் தவிருங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங்மேல் அழுத்தம் மாறிமாறி விழும், அதுதான் அது பொருந்த உதவுகிறது. ரொம்பவும் பயந்து, டாப் கியரில் எஞ்சின் திணறத் திணற ஊர்வதும் தவறுதான்.

சிந்தெடிக் என்றால் உண்மையில் என்ன?

எந்த எஞ்சின் ஆயிலும் அடிப்படை எண்ணெயும் சேர்மானங்களும் கலந்ததுதான். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது டப்பாக்களில் நாம் பார்க்கும் ஏபிஐ, அடிப்படை எண்ணெயை ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. ஒன்றும் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை, மினரல் என்பது இவைதான். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது, ஆனால் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து மூலக்கூறுகளையே உடைத்து மாற்றி அமைக்கிறார்கள். நான்காவது, பாலி ஆல்ஃபா ஓலிஃபின் எனப்படும், சிறிய மூலக்கூறுகளைக் கோத்துச் செய்கிற எண்ணெய். எஸ்டர் முதலிய மற்றவை எல்லாம் ஐந்தாவதில் அடங்கும்.

மூன்றாம் பிரிவை சிந்தெடிக் என்று விற்கலாமா என்று ஆயில் நிறுவனங்களான மொபிலுக்கும் காஸ்ட்ரோலுக்கும் பெரிய தகராறே நடந்தது. 1999-இல் அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு காஸ்ட்ரோலின் பக்கம் முடிவு சொன்னது. அதற்குப் பிறகு 'முழு சிந்தெடிக்' என்ற எழுத்துக்குள் மூன்றாம் பிரிவும் வந்துவிட்டது. இதில் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை. மூன்றாம் பிரிவு எண்ணெயில் மிக நல்ல ஆயில்கள் இருக்கின்றன. டப்பாவின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதற்காகச் சொன்னேன்.

நமக்கு என்ன லாபம்? மினரல் ஆயிலில் மெழுகு கொஞ்சம் மிச்சமிருக்கும், கடுங்குளிரில் அது உறைந்து ஆயிலைக் கூழாக்கும். சிந்தெடிக் அப்போதும் ஓடும், காலையில் ஸ்டார்ட் செய்த நொடியில் மேல்மட்டப் பாகங்களுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். அதிக வெப்பத்தில் மினரலைவிட மெதுவாகக் கெடும், குறைவாக ஆவியாகும். டர்போ உள்ள எஞ்சினில் இந்த இரண்டாவது குணம் பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து எஞ்சினை அணைத்ததும் டர்போவின் பேரிங்கில் தேங்குகிற ஆயில் அங்கேயே கிடந்து வேகும். மினரல் அங்கே சீக்கிரம் கரியாகிப் படியும்.

5டபிள்யூ-30 போன்ற எண்களுக்கு என்ன பொருள்? சிந்தெடிக் தண்ணீர் மாதிரி இருக்கிறதே?

டபிள்யூ என்றால் குளிர்காலம், ஆங்கிலத்தில் வின்டர். அதற்கு முன் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சுழல ஆயில் இடம் கொடுக்கிறதா என்பதை 0டபிள்யூ வகைக்கு மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-லும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் 20, 30, 40 என்பவை 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிப்பவை.

ஆகவே 5டபிள்யூ-30 மினரலும் 5டபிள்யூ-30 சிந்தெடிக்கும் சூடான எஞ்சினில் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். மினரலில் 15டபிள்யூ-40 ஊற்றிப் பழகியவர் 0டபிள்யூ-20 டப்பாவைத் திறந்தால் தண்ணீர்போல்தான் தெரியும். அது கிரேடின் வேறுபாடு. 'வெயில் அதிகம், அதனால் கெட்டியாக ஊற்றுவோம்' என்று யாராவது சொன்னால் கையேட்டைக் காட்டுங்கள். அது அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் தேர்ந்தெடுக்கலாம், தாண்ட வேண்டாம். பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வ் நேரத்தை மாற்றும் நுண்ணிய வழிகள் எல்லாம் அந்தக் கெட்டிக்கு ஏற்றபடி வடிவமைத்தவை.

கிரேடு சரியாக இருந்தால் போதாதா? எஸ்பி, சி3 என்றெல்லாம் எதற்கு?

போதாது. புது காரில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நேரடி இன்ஜெக்‌ஷனும் டர்போவும் சேர்ந்த சின்ன பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் திடீரென்று அழுத்தும்போது ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது. சிலிண்டருக்குள் தெறிக்கும் ஆயில் துளி இதற்கு ஒரு காரணம், அதிலும் கால்சியம் அதிகமுள்ள சேர்மானம் இதைத் தூண்டுகிறது. அதைக் கட்டுப்படுத்தும்படி 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற தரக்குறியீடு வந்தது, 2020-இல் எஸ்பி, 2025-இல் எஸ்க்யூ. பெட்ரோல் வரிசையில் புதிய எழுத்து பழையதன் இடத்தில் பொருந்தும். எஸ்என் கேட்கும் காரில் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காரில் எஸ்என் ஊற்றக்கூடாது.

டீசலில் புகைத்துகள் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயில் தேவை. ஐரோப்பிய அமைப்பான ஏசிஇஏவின் சி2, சி3 போன்ற குறியீடுகள் அதற்குத்தான். வடிகட்டியில் சேரும் கரியை எஞ்சின் எரித்துவிடும். ஆயிலின் உலோகச் சேர்மானம் விடும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைக்கும். ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவை இதற்கும் மேலே தங்கள் சொந்தக் குறியீட்டைக் கேட்கின்றன. டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டை) ஆயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சின் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், பொருந்தாத ஆயில் பெல்ட்டையே அரித்து உதிர்க்கும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஒன்று தவறான குறியீட்டோடு இருந்தால், சரியான குறியீடுள்ள சாதாரண ஆயிலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மினரல் இருந்த எஞ்சினில் சிந்தெடிக் ஊற்றும் முன் ஃபிளஷ் செய்ய வேண்டுமா?

ஃபிளஷ் என்றால் உள்ளே தங்கிய பழைய ஆயிலைக் கழுவி எடுப்பது. புது காருக்கு அது வேண்டாம். வடித்த பிறகும் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளே தங்கும், அது சிந்தெடிக்கோடு தாராளமாகக் கலக்கும். வழியில் அளவு குறைந்து கைக்குக் கிடைத்த மினரலை ஊற்ற வேண்டி வந்தாலும் குடி முழுகிப் போகாது. கிரேடும் குறியீடும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

சிந்தெடிக் ஊற்றினால் சீல் கசியும் என்கிறார்களே?

1970-களில் வந்த தொடக்ககால சிந்தெடிக்குகள் சில ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை, அந்தப் பேச்சு அப்போது பிறந்தது. பின்னர் சேர்மானத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். புது காரில் சர்வீஸ் முடிந்ததும் கசிந்தால் முதலில் டிரெய்ன் போல்ட்டின் (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷரைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷரையே மறுபடி போட்டிருப்பார்கள்.

திரும்பவும் மினரலுக்கு வரலாமா?

கையேடு அனுமதித்தால் வரலாம். ஒருவழிப் பாதை எதுவும் இல்லை.

மாறிய பிறகு இடைவெளியை இரண்டு மடங்காக்கலாமா?

வாரண்டி இருக்கும்வரை கூடாது. 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலோ அது என்று கையேடு சொன்னால், சிந்தெடிக் ஊற்றியதால் அது 20,000 ஆகிவிடாது. அடிப்படை எண்ணெய் தாக்குப்பிடித்தாலும் அமிலத்தை முறிக்கும் சேர்மானமும் அழுக்கைத் தாங்கிப் பிடிக்கும் சேர்மானமும் தீர்ந்துகொண்டே வரும்.

கொஞ்சமாக ஓட்டுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் போய் வரும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் கலந்து வெளியேறாமல் தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். காப்பிக்கு மேல் நிற்கும் நுரைபோல் மஞ்சள் கலந்த வெளுப்புப் படலம் ஒட்டியிருந்தால், நீங்கள் அந்த வகை. உடனே பயப்பட வேண்டாம், கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். இப்படிப்பட்ட ஓட்டம், தூசி நிறைந்த சாலை, நெரிசலில் மணிக்கணக்காக நின்று ஓடுவது, பாரம் இழுப்பது எல்லாம் கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பின்கீழ் வரும். அங்கே இடைவெளி குறைவாக இருக்கும், அந்த எண்ணைப் பின்பற்றுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. டீசலில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

மைலேஜ் கூடுமா?

கெட்டியான கிரேடிலிருந்து, கையேடு சொல்லும் மெல்லிய கிரேடுக்கு வந்தால் சிறிது கூடலாம். அதே கிரேடில் மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறினால் பெட்ரோல் பங்கில் நிரப்பும்போது தெரிகிற அளவுக்கு வித்தியாசம் வராது.

வெளியே மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

வாரண்டி விதியை முதலில் படியுங்கள். வெளியே மாற்ற இடம் இருந்தால், பில்லில் ஆயிலின் பெயர், கிரேடு, தரக்குறியீடு, ஃபில்டர், தேதி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதி வாங்குங்கள். 'எஞ்சின் ஆயில், 4 லிட்டர்' என்று மட்டும் இருக்கிற பில் பிற்பாடு எதற்கும் உதவாது. காலி டப்பாவின் பின்பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆயில் மாற்றி வந்ததும் நானே சோதிக்க ஏதாவது இருக்கிறதா?

அளவு. என் காருக்கு முதன்முறை சிந்தெடிக் ஊற்றியபோது ஆயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் படித்தேன், ஊற்றிய அளவைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவினால் மேல்கோட்டுக்கு மேலே விரற்கடை உயரத்துக்கு ஆயில் நிற்கிறது. என் எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்காமல், டப்பா முழுவதையும் கவிழ்த்திருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்குக்குப் போனால் ஆயிலோடு காற்றும் போகும். திரும்பக் கொண்டுபோய் வடித்துச் சரிசெய்தோம்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் சொருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் சரி. டிப்ஸ்டிக் இல்லாத காரில் திரையில் அளவு காட்டும், அதற்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கும். புது காரில் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் ஆயில் குறைவது உண்டு, அதனால் மாதம் ஒருமுறை பாருங்கள். நான் இப்போதெல்லாம் சர்வீஸ் முடிந்து சாவியை வாங்கியதும் பானட்டைத் திறந்து அங்கேயே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.